வெளிக்கள உத்தியோகத்தர் தெரிவுக்கான ஆளுமை வினாக்கொத்தை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

கேள்வி: ஆளணிப் பகுதி, யாழ்ப்பாணம்

வணக்கம். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் கிளைகளைக் கொண்ட ஒரு சிறுகடன் நிறுவனத்தின் ஆளணிப் பகுதியில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வெளிக்கள உத்தியோகத்தர்களைத் தெரிவு செய்யும்போது, எழுத்துப் பரீட்சைக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் இடையில், 72 கூற்றுகள் கொண்ட ஆளுமை வினாக்கொத்து ஒன்றை விண்ணப்பதாரிகள் நிரப்ப வேண்டும். தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்ததை முன்பொருவர் தமிழாக்கியிருக்கிறார். அதுவே திரும்பத் திரும்ப ஒளிப்பிரதி எடுக்கப்பட்டு, எழுத்து மங்கிய நிலையில் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இதனைத் திருத்தித் தருமாறு என்னிடம் பணித்திருக்கிறார்கள். நான் வணிக முகாமைத்துவம் படித்தவள். உளவியல் அளவீட்டில் எனக்குப் பயிற்சி கிடையாது.

முதலாவது சிக்கல், எல்லோருமே நல்லவர்களாக இருப்பது. கடமையுணர்வை அளப்பதாகச் சொல்லப்படும் பத்துக் கூற்றுகளுக்கு உயர்ந்தபட்சப் புள்ளி 50. எங்கள் விண்ணப்பதாரிகளின் சராசரி 46. வெட்டுப்புள்ளி 45 என்று தலைமையகம் நிர்ணயித்திருப்பதால், 44 எடுத்தவர் வீட்டுக்குப் போகிறார், 46 எடுத்தவர் நேர்முகத்துக்கு வருகிறார்.

இரண்டாவது, மொழி. ஒரு கூற்று “நான் கட்சியின் உயிர்நாடி” என்றிருக்கிறது. எந்தக் கட்சி என்று கேட்டு, விடை எழுதாமலே தாளைத் திருப்பித் தந்தவர்கள் உண்டு. இன்னொன்று “என் உடைமைகளை அங்கங்கே விட்டுச் செல்வேன்” என்பது. வன்னியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அதை வாசித்துவிட்டு, “மிஸ், இது எந்த இடப்பெயர்வைக் கேட்கினம்?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மூன்றாவது, நித்திரை வருகிறதா, காரணமின்றி அழுகை வருகிறதா என்பன போன்ற சில கூற்றுகள். இவற்றை வைத்திருப்பது சரியா என்று தெரியவில்லை.

கூற்றுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினால் போதுமா, அல்லது முழுவதையும் விட்டுப் புதிதாக எழுத வேண்டுமா? வெள்ளோட்டம் பார்க்க எத்தனை பேர் தேவை? அனுபவமுள்ளவர்கள் அறியத் தந்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1: அளவீடு கற்பிப்பவர், திருநெல்வேலி

வணக்கம். உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு கூற்றுகளைக் கண்டவுடனேயே இந்த வினாக்கொத்தின் பூர்வீகம் விளங்கிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பேர்க் தொடக்கிவைத்த ஆளுமைக் கூற்றுகளின் ஒரு பொதுத் திரட்டில், ஐந்து பெரும் ஆளுமைக் காரணிகளை (கலகலப்பு, இணக்கம், கடமையுணர்வு, உளச்சமநிலை, புதியன நாடும் தன்மை) அளப்பதற்கென 50 கூற்றுகள் கொண்ட வடிவம் ஒன்று உண்டு. விருந்தொன்றில் கலகலப்பாக இருப்பவரைக் குறிக்கும் முதலாவது கூற்றுத்தான், ஆங்கிலத்தில் “party” என்பது விருந்தையும் கட்சியையும் குறிப்பதால், உங்களிடம் “கட்சியின் உயிர்நாடி” ஆகியிருக்கிறது. உடைமைக் கூற்றும் அங்கிருந்து வந்ததே. பொருட்களை ஒழுங்காக எடுத்துவைக்காத பழக்கத்தை அது கேட்கிறது. நித்திரை, அழுகை போன்றவற்றைக் கேட்கும் எஞ்சிய 22 கூற்றுகளை யாரோ பின்னர் சேர்த்திருக்க வேண்டும். ஒரு நல்ல செய்தி: அந்தத் திரட்டு எவருடைய தனியுரிமையும் அன்று, அனுமதியோ கட்டணமோ இன்றி மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். வர்த்தக நிறுவனங்களின் வினாக்கொத்தாக இருந்திருந்தால் ஒரு சொல்லைத் தொடுவதற்கும் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

ஆனால், கூற்றுகளிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை செய்வது என்ன, அதில் நன்றாகச் செய்பவரும் தவறுபவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பதை முதலில் எழுதி எடுங்கள். இதற்கு ஜோன் பிளனகன் 1954 இல் எழுதிவைத்த எளிய வழி இன்றும் பழசாகவில்லை. கிளை முகாமையாளர்களிடம் “நல்ல உத்தியோகத்தர் எப்படி இருப்பார்?” என்று கேட்காதீர்கள், கேட்டால் நேர்மை, சுறுசுறுப்பு, பணிவு என்று திருக்குறள் அதிகாரத் தலைப்புகள் போல ஒரு பட்டியல்தான் வரும். “கடந்த ஆறு மாதத்தில், ஓர் உத்தியோகத்தர் செய்த ஒரு காரியத்தால் கிளைக்கு நன்மையோ கெடுதியோ ஏற்பட்ட சம்பவத்தைச் சொல்லுங்கள், என்ன நிலைமை, அவர் என்ன செய்தார், என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அப்படி ஐம்பது அறுபது சம்பவங்கள் சேர்ந்த பின்னர், எந்தக் குணங்களைக் கேட்க வேண்டும், எவற்றைக் கேட்கத் தேவையில்லை என்பது தானாகவே தெரியவரும். கூட்டங்களில் கலகலப்பாக இருப்பது உங்கள் வேலைக்குத் தேவையே இல்லை என்று கூடத் தெரியவரலாம்.

இத்தகைய வினாக்கொத்தால் எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1965 இல் கயனும் கொற்றியரும் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆட்சேர்ப்புக்கு ஆளுமைச் சோதனைகளை நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினர். 1991 இல் பரிக், மவுண்ட் ஆகிய இருவரும் ஆய்வுகளை ஐந்து காரணிகளின் கீழ் வகுத்துக் கணித்தபோதுதான், தாங்கள் பார்த்த எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் கடமையுணர்வுக்கு வேலைத் திறனுடன் தொடர்பு இருப்பது தெளிவாகியது. அந்தத் தொடர்பு பெரிதன்று. 2022 இல் சாக்கற்றும் உடனாய்வாளர்களும் பழைய கணிப்புகளை மறுபரிசீலனை செய்தபோது கடமையுணர்வுக்குக் கிடைத்த இணைபுக் குணகம் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.19, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளியிடும் நேர்முகத்துக்குக் கிடைத்தது 0.42.

இணைபு 0.2 என்றால் என்ன? வினாக்கொத்தில் மேற்பாதியில் வந்த 100 பேரில் ஏறத்தாழ 56 பேர் வேலையிலும் மேற்பாதியில் வருவர், 44 பேர் வரமாட்டார்கள். நாணயத்தைச் சுண்டுவதை விட நல்லது. ஒருவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதற்குப் போதாது.

வெட்டுப்புள்ளியைப் பற்றி: உங்கள் புள்ளிகளின் நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றிப் பரந்திருக்கும் அளவு) 4 என்றும் நம்பகத்தன்மை (அளவீடு எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்பது, உயர்ந்தபட்சம் 1) 0.75 என்றும் வைத்துக்கொண்டால், அளவீட்டின் நியம வழு, அதாவது ஒருவரின் புள்ளி தற்செயலாகக் கூடிக் குறையும் அளவு, 2 ஆகும். அதாவது 44 எடுத்தவரும் 46 எடுத்தவரும் வேறுபட்டவர்கள் என்று சொல்வதற்கு உங்களிடம் ஆதாரமே இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் இசற் புள்ளியை (Z-score) நாலு தசமதானத்துக்குப் பார்த்துப் பழகிய சமூகம் நாம்; புள்ளி என்று ஒன்றைக் கண்டால் அதற்குக் கீழே ஒரு கோடு கிழிக்காமல் எங்களால் இருக்க முடிவதில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற முகாமையாளர், சாவகச்சேரி

பிள்ளை, நான் கூட்டுறவுத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன். எனது காலத்தில் இப்படியான தாள் எதுவும் இல்லை. ஒரு நாள் வசூல் முடிந்த பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் காசேட்டையும் விண்ணப்பதாரியின் முன் வைத்து, அரை மணித்தியாலம் கொடுத்து, கணக்கைச் சரிபார்க்கச் சொல்வோம். உள்ளே இரண்டு பிழைகளை நாங்களே போட்டு வைத்திருப்போம். பிழையைக் கண்டுபிடித்தவர் ஒரு வகை, கண்டுபிடித்து, அதைத் தானே திருத்தி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தவர் இன்னொரு வகை, “ஐயா, இதிலே ஏதோ இடிக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும்?” என்று வந்து நின்றவர் மூன்றாம் வகை. நாங்கள் எடுத்தது மூன்றாம் வகையினரை. காசு கையாளும் இடத்தில் பிழையைச் சத்தமின்றித் திருத்தும் கெட்டித்தனம் ஒருநாள் வேறு வேலைக்கும் உதவும்.

அதன்பிறகு அவருடைய ஊரில் நான்கு பேரிடம் விசாரிப்போம். 72 கேள்விகளால் தெரியாதது நான்கு பேரிடம் தெரிந்துவிடும். “நான் நேர்மையானவன்” என்று ஒருவர் தன் கையால் புள்ளடி இடுவதை வைத்து ஆளை எடுப்பது, மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளையின் குணத்தைக் கேட்டுக் கலியாணம் பேசுவது போன்றது.

பதில் 3: மொழிபெயர்ப்பாளர், கொக்குவில்

மொழி பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தமிழில் இத்தகைய கூற்றுகள் மூன்று இடங்களில் வழுக்குகின்றன. முதலாவது, எதிர்மறை. “நான் ஒருபோதும் வேலைக்குப் பிந்துவதில்லை” என்ற கூற்றுக்கு எதிரே “உடன்படவில்லை” என்ற கட்டத்தை ஒருவர் தெரிவு செய்தால், அவர் பிந்துபவர் என்று ஆங்கில மூலம் எதிர்பார்க்கிறது. ஆனால் “நீங்கள் பிந்துவதில்லையா?” என்று கேட்டால் “இல்லை” என்றும் “ஓம்” என்றும் இரண்டு விதமாகவும் சொல்லி, இரண்டிலும் பிந்துவதில்லை என்றே பொருள் கொள்பவர்கள் நாங்கள். வாசிப்பவர் கூற்றின் எதிர்மறையையும் விடையின் எதிர்மறையையும் மனதில் பெருக்கிப் பார்க்க வேண்டியுள்ளது. அது ஆளுமையை அன்று, பொறுமையை அளக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம் புள்ளடி இடுவோரைப் பிடிப்பதற்காக எதிர்த்திசைக் கூற்றுகள் தேவை என்பதை அறிவேன். அவற்றை “இல்லை”, “அல்ல”, “மாட்டேன்” இல்லாமலே எழுதலாம். “வேலைக்குப் போக வேண்டிய நேரத்தை விடச் சில நாட்களில் பிந்திப் போகிறேன்” என்பது நேராகச் சொல்லப்பட்ட எதிர்த்திசைக் கூற்று. விடைக் கட்டங்களிலும் “உடன்படுகிறேன்” என்பதை விட்டு, “எனக்கு மிகவும் பொருந்தும்”, “ஓரளவு பொருந்தும்”, “பொருந்தாது” என்று வைத்தால் குழப்பம் குறையும்.

இரண்டாவது, தற்புகழ்ச்சி. “நான் மற்றவர்களை விடத் திறமையாக வேலை செய்கிறேன்” என்று சொல்லிக் கொள்வது ஆங்கிலத்தில் சாதாரண வாக்கியம். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அது அம்மம்மாவின் குட்டு விழுந்த தலையை நினைவூட்டும் வாக்கியம். பணிவுள்ளவர் குறைத்துப் போடுவார், பணிவைத் தூக்கி வைத்தவர் கூட்டிப் போடுவார். நீங்கள் அளப்பது எதை? தன்னை மதிப்பிடச் சொல்லாமல் தன் செயலைச் சொல்லச் சொன்னால் இந்தச் சங்கடம் பாதியாகக் குறையும். “நான் ஒழுங்கானவன்” என்பதற்குப் பதிலாக “வேலை முடிந்து எழும்ப முன்னர், அன்றைய தாள்களை அதனதன் கோவையில் வைத்துவிடுவேன்” என்று எழுதலாம்.

மூன்றாவது, சொல்லின் பின்னால் நிற்கும் வரலாறு. “உடைமைகளை விட்டுச் செல்லுதல்” என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மூலத்துக்கு விசுவாசமான மொழிபெயர்ப்பு என்று கூடச் சொல்லலாம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கும், 2009 இல் கையில் இருந்ததையும் போட்டுவிட்டு வந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தச் சொற்றொடர் ஒழுங்கீனத்தைக் குறிக்காது. தமிழாக்கியவர் அகராதியைப் பார்த்திருக்கிறார், வாசிக்கப் போகிறவரைப் பார்க்கவில்லை. தமிழாக்கியதை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடும் வழக்கம் 1970 இல் பிரிஸ்லின் எழுதிய காலத்திலிருந்து பிரபலம். அந்தச் சோதனையில் இந்தக் கூற்று வெற்றிகரமாகச் சித்தியடைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். “கட்சி” மட்டுந்தான் பிடிபடும். எனவே, ஏழெட்டுப் பேரை ஒவ்வொருவராக இருத்தி, கூற்றை உரத்து வாசிக்கச் செய்து, “இதை வாசித்ததும் என்ன நினைத்தீர்கள், ஏன் இந்தக் கட்டத்தைத் தெரிவு செய்தீர்கள்?” என்று கேட்பதை நான் அதை விட மேலாகக் கருதுகிறேன். வடமராட்சி, தீவகம், கிளிநொச்சி என்று இடம் மாற்றி ஆட்களை எடுங்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம்.

பதில் 4: அளவீடு கற்பிப்பவர், திருநெல்வேலி

கொக்குவில் நண்பர் கூறியதில் எனக்கு மறுப்பு இல்லை. சாவகச்சேரி ஐயாவுக்கு மட்டும் ஒரு சொல். அந்தப் பற்றுச்சீட்டுச் சோதனையை நான் என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். வேலையின் ஒரு துண்டையே சோதனையாக்குவது ஆய்வுகளிலும் நன்றாக நிற்கும் முறை. ஆனால் ஊரில் நான்கு பேரிடம் விசாரிப்பதைப் பற்றி நான் தயங்குகிறேன். அந்த நான்கு பேர் சொல்வதில் குணம் எவ்வளவு, குடும்பம் எவ்வளவு, எந்தப் பாடசாலை, எந்தக் கோயில் திருவிழா உபயகாரர் என்பது எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. விசாரிக்க ஆள் இல்லாத ஊரிலிருந்து வந்த பிள்ளை அங்கேயே தோற்றுவிடும். வினாக்கொத்தின் குறைகள் எதுவாக இருந்தாலும், அது எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறது.

சராசரி 46 பற்றி முதற்பதிலில் எழுத மறந்துவிட்டேன். அதைப் பொய் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வேலை கேட்டு வந்தவர்கள், வேலையில் இருப்பவர்களை விடக் கடமையுணர்விலும் உளச்சமநிலையிலும் கூடிய புள்ளி எடுப்பது பல நாடுகளிலும் காணப்பட்டது. 2006 இல் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணித்த ஒரு தொகுப்பாய்வில் அந்த வேறுபாடு ஏறத்தாழ அரை நியம விலகல். ஆகவே, இப்போது வேலையில் உள்ளவர்களிடம் நிரப்புவித்து, அந்தச் சராசரியை விண்ணப்பதாரிகளுக்கு நியமமாக வைக்கும் தவறைச் செய்ய வேண்டாம். சமமாகக் கவர்ச்சியுள்ள இரண்டு கூற்றுகளைக் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் முறையும் உண்டு. அதற்குப் புள்ளி கணிப்பது சிக்கலானது. சாதாரண கூட்டலில் செய்தால் ஒருவரை இன்னொருவருடன் ஒப்பிட முடியாமற் போகும். உங்கள் நிறுவனத்தின் அளவுக்கு அதை நான் சிபாரிசு செய்யவில்லை.

பதில் 5: ஆளணிப் பகுதி, யாழ்ப்பாணம் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி ஐந்து கிளை முகாமையாளர்களிடம் சம்பவங்களைக் கேட்டேன். இருபத்தொன்று கிடைத்துள்ளன, இன்னும் வரும். இரண்டை எழுதுகிறேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஓடாத ஒரு நாளில், நெடுந்தீவுக்கு வசூலுக்குப் போக வேண்டிய உத்தியோகத்தர் கரையில் நின்றபடியே தன் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, “நாளை மறுநாள் வருவேன், பிந்தியதற்கான தண்டப்பணம் உங்கள் மேல் விழாதபடி கிளையில் பதிகிறேன்” என்று சொல்லி, அதைக் கிளையிலும் எழுதுவித்திருக்கிறார். மற்றச் சம்பவத்தில், பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டதால் ஒருவர் பதினொரு பேரிடம் வாங்கிய பணத்தைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டு, மறுநாள் பற்றுச்சீட்டு எழுதலாம் என்று விட்டுவிட்டார். பணம் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அந்தக் கிராமத்தில் எங்கள் மீதான நம்பிக்கை திரும்ப இரண்டு மாதம் சென்றது.

இருபத்தொன்றில் பதினான்கு, ஏதோ ஒரு வகையில், எழுதி வைப்பதும் சொன்ன நேரத்துக்குச் சொல்வதும் பற்றியவை. “கலகலப்பு” ஒன்றில் கூட இல்லை. இரண்டில், மிகவும் பேச்சு வன்மை உள்ளவர்கள் தாம் கொடுக்க முடியாத வாக்குறுதிகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு விடயம். அலுமாரியைத் துப்பரவு செய்தபோது, மூன்று ஆண்டுகளாக நிரப்பப்பட்ட பழைய விடைத்தாள்கள் அனைத்தும் கட்டுக்கட்டாக இருக்கக் கண்டேன். அவர்களில் 64 பேர் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். இந்த வினாக்கொத்தே பிழையென்றால் அந்தத் தாள்களை அழித்துவிடலாமா?

பதில் 6: அளவீடு கற்பிப்பவர், திருநெல்வேலி

தயவு செய்து இப்போதைக்கு அழிக்க வேண்டாம். நீங்கள் புதிதாக வெள்ளோட்டம் விட்டுப் பெறக்கூடிய எதையும் விட அந்தக் கட்டுகள் பெறுமதியானவை; ஏனெனில் அவை வேலைக்காக உண்மையில் விண்ணப்பித்தவர்கள், விளைவு என்னவாகும் என்ற பயத்துடன் எழுதிய விடைகள், அதன்பின் அவர்களில் 64 பேர் எப்படி வேலை செய்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எல்லாத் தாள்களையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். பெயருக்குப் பதிலாக இலக்கம் இடுங்கள். முதலில் ஒவ்வொரு கூற்றிலும் எத்தனை பேர் ஒரே கட்டத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் “மிகவும் பொருந்தும்” என்று சொன்ன கூற்று, எவரையும் எவரிடமிருந்தும் பிரிக்கவில்லை; அதை விட்டுவிடலாம். அடுத்து, ஒவ்வொரு கூற்றும் தன் தொகுதியின் எஞ்சிய கூற்றுகளின் கூட்டுத்தொகையுடன் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். எதிர்மறையான இணைபு வந்தால் பெரும்பாலும் மொழியே காரணமாக இருக்கும். கொக்குவில் நண்பருக்கு அங்கே வேலை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் 64 பேரின் தாள் மட்டுமன்றி, எடுபடாதவர்களின் தாள்களும் தேவை.

அதன் பின்னரே அந்த 64 பேர். தகுதிகாண் காலத்தில் முகாமையாளர் இட்ட மதிப்பீடு, காசேட்டில் வந்த வித்தியாசங்கள், பற்றுச்சீட்டுப் பிழைகள், எத்தனை மாதம் நின்றார் என்பவற்றுடன் புள்ளிகளை ஒப்பிடுங்கள். முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை. 64 பேரில் இணைபு 0.2 என்று வந்தால், உண்மையான தொடர்பு –0.05 இலிருந்து 0.42 வரை எங்கும் இருக்கலாம். அதாவது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், கணிசமாகவும் இருக்கலாம். அதோடு, 45 இற்குக் கீழே எடுத்தவர்களை நீங்கள் வேலைக்கே எடுக்கவில்லை. எடுத்தவர்கள் எல்லோரும் 45 இற்கும் 50 இற்கும் இடையில் நெருங்கி நிற்கிறார்கள். அந்த ஒடுங்கிய இடைவெளிக்குள் தொடர்பு இருந்தாலும் மெலிந்தே தெரியும். எனவே இந்தக் கணிப்பை வைத்து ஒரு கூற்றை “நிரூபிக்கப்பட்டது” என்று எவருக்கும் அறிக்கை எழுத வேண்டாம்.

கூற்றுகளைக் குறைக்கும்போது ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள். பத்துக் கூற்றுகளின் நம்பகத்தன்மை 0.80 என்றால், அதே தரத்தில் ஐந்தை மட்டும் வைத்தால் அது ஏறத்தாழ 0.67 ஆக இறங்கும். ஐந்து காரணிகளையும் மெலிதாக அளப்பதை விட, உங்கள் பதினான்கு சம்பவங்கள் காட்டும் அந்த ஒரு குணத்தைப் பன்னிரண்டு கூற்றுகளால் நன்றாக அளப்பது மேல். கூற்றுகளில் “வேலையில்” அல்லது “படிக்கும் காலத்தில்” என்று இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வீட்டிலும் வேலையிலும் ஒருவர் ஒரே மாதிரி இருப்பதில்லை. இடம் குறித்த கூற்றுகள் பொதுவான கூற்றுகளை விட வேலைத் திறனை நன்றாக முன்னறிவிப்பதாக 2012 இல் வெளியான தொகுப்பாய்வும் காட்டியது. முதல் வேலை தேடி வரும் பிள்ளைகளுக்கு “வேலையில்” என்பது பொருந்தாது. அவர்களுக்காகவே “படிக்கும் காலத்தில்”.

அடுத்த ஆட்சேர்ப்பில் புதிய கூற்றுகளைப் பழையவற்றோடு சேர்த்துக் கொடுங்கள். ஆனால் முதல் ஓராண்டுக்கு எந்தத் தீர்மானத்துக்கும் அந்தப் புள்ளியைப் பயன்படுத்தாதீர்கள். நேர்முகம் நடத்துபவர்களுக்கு அது தெரியவும் கூடாது. தெரிந்தால் அந்தப் புள்ளியின் கண்ணாலேயே ஆளைப் பார்ப்பார்கள்.

பதில் 7: முன்னாள் விண்ணப்பதாரி, வேலணை

நான் உளவியலோ முகாமைத்துவமோ படித்தவன் அல்லன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் இடத்தில் இத்தகைய தாள் ஒன்றை நிரப்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நித்திரை, அழுகை பற்றிய கேள்விகள் அதிலும் இருந்தன. அந்த ஆண்டில் என் தகப்பனார் காலமாகி மூன்று மாதமே ஆகியிருந்தது. உண்மையை எழுதினால் வேலை கிடையாது என்று தெரிந்தது. பொய் எழுதினால், அடுத்த பக்கத்தில் “நான் எப்போதும் உண்மையே பேசுவேன்” என்ற கூற்று காத்திருந்தது. நான் பொய்யையே எழுதினேன். வேலை கிடைக்கவில்லை என்பது வேறு கதை. எனக்கு இன்றுவரை உறுத்துவது, அந்தத் தாள் எங்கே இருக்கிறது, யார் வாசித்தார்கள் என்று தெரியாததுதான். நேர்முகக் குழுவில் எங்கள் ஊரைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார்.

இது தொடர்பாகப் பின்னர் தேடி வாசித்தபோது, அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனம் பாதுகாவலர் வேலைக்கு வந்தவர்களிடம் 704 சரி-பிழைக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து, மதம், அந்தரங்க வாழ்க்கை பற்றியெல்லாம் கேட்டதும், விண்ணப்பதாரி ஒருவர் வழக்குத் தொடுத்ததும், 1991 இல் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும் தெரியவந்தது. எங்கள் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட வகையாகவே கருதுகிறது. அந்த 22 கூற்றுகளைத் திருத்த வேண்டாம், எடுத்துவிடுங்கள். அலுமாரியில் உள்ள தாள்களில் அந்தப் பகுதிக்கான விடைகளை விரிதாளில் ஏற்றவும் வேண்டாம்.

பதில் 8: ஓய்வுபெற்ற முகாமையாளர், சாவகச்சேரி

வேலணைத் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஊரில் விசாரிப்பது பற்றித் திருநெல்வேலி ஆசிரியர் சொன்னதையும் சேர்த்து யோசித்தால், நாங்கள் எடுக்காமல் விட்ட சில பிள்ளைகளின் முகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்தப் பகுதியை மீட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டுச் சோதனையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதில் 9: ஆளணிப் பகுதி, யாழ்ப்பாணம் (கேள்வி கேட்டவர்)

இன்று காலை என் முகாமையாளருடன் பேசினேன். 22 கூற்றுகளையும் நீக்குவதற்கு உடனேயே சம்மதித்தார்; தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ற சொல்லே போதுமாக இருந்தது. வெட்டுப்புள்ளியை நீக்குவதற்குச் சம்மதிக்கவில்லை. “புள்ளி இல்லாவிட்டால் தலைமையகத்துக்கு என்ன காரணத்தை எழுதுவது?” என்பது அவருடைய கேள்வி. நீண்ட பேச்சுக்குப் பின்னர், அடுத்த ஆட்சேர்ப்பில் மட்டும் எவரையும் வினாக்கொத்தின் புள்ளியால் நிறுத்துவதில்லை என்றும், அதற்குப் பதிலாகப் பற்றுச்சீட்டுச் சோதனையையும், சம்பவங்களிலிருந்து எடுத்த ஆறு கேள்விகளை எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்கும் நேர்முகத்தையும் வைப்பது என்றும் முடிவாகியது. சோதனைக்கான பிழைகளை ஐயாவிடம் கேட்டே போட விரும்புகிறேன்.

புதிய பன்னிரண்டு கூற்றுகளில் ஏழு எழுதிவிட்டேன். உடைமைக் கூற்று இருந்த இடத்தில் இப்போது இருப்பது: “வாங்கிய காசுக்கு அந்த இடத்திலேயே சீட்டு எழுதிக் கொடுக்க முடியாமற் போனால், அன்றைக்கே யாரிடமாவது அதைச் சொல்லிவிடுவேன்.” இது நீளமாக இருப்பதாகவும், எந்த விடையை நாங்கள் விரும்புகிறோம் என்பது வெளிப்படையாகத் தெரிவதாகவும் எனக்கே படுகிறது. கொக்குவில் ஐயா பார்த்துச் சொன்னால், வருகிற செவ்வாய்க்கிழமை கிளிநொச்சிக் கிளைக்குப் போகும்போது எட்டுப் பேரை இருத்தி வாசித்துக் காட்டிப் பார்ப்பேன். மங்கிய பழைய பிரதிகள் அங்கேயும் ஒரு கட்டு இருப்பதாகச் சொன்னார்கள். அதையும் எடுத்து வர வேண்டும்.